பேய் வீட்டுக்கு முகவரி இல்லை

தஞ்சாவூர் திலகர் திடலில் பொருட்காட்சி போட்டபோது பேய் வீடு எந்த மூலையில் இருந்தது? என்னோடு பள்ளியில் படித்த நான்கு பேரைக் கேட்டேன். நுழைந்ததும் இடது கைப்பக்கம் என்றான் ஒருவன். மரணக் கிணற்றுக்குப் பின்னால் என்றான் அடுத்தவன். அப்பளக் கடையை ஒட்டி என்றாள் மூன்றாமவள். டெல்லி அப்பளத்தின் மிளகாய்ப்பொடி கையில் இருக்கும்போதே உள்ளே போய்க் கண்ணைக் கசக்கிக்கொண்ட நினைவு அவளுக்கு. நான்காமவன் பேய் வீடு வந்ததே இல்லை, நாங்கள் பார்த்தது திருச்சியில் என்று சாதிக்கிறான். நால்வர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஒரு வருடம் நின்ற இடத்தில் மறு வருடம் அது நின்றதில்லை. சில வருடம் வரவே இல்லை.

சிறுவயதில் ஏறி இறங்கிய கேளிக்கை ஒன்று மூடப்பட்டபின் அதற்காக ஏங்குவதைப் பற்றி உலகில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். குறிப்பாக ‘டார்க் ரைடு’ எனப்படும் இருட்டுச் சவாரிகளைப் பற்றி. சிறு வண்டியிலோ படகிலோ உட்காரவைத்து, வெளிச்சமில்லாத கட்டடத்துக்குள் வளைத்து வளைத்துக் கொண்டுபோய், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காட்சியை மட்டும் விளக்குப் போட்டுக் காட்டும் சமாச்சாரம் அது. ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் 1971 அக்டோபர் 1 முதல் ஓடிய ‘மிஸ்டர் டோட்’ சவாரிதான் இந்த ஏக்கத்துக்குப் பெயர்போன உதாரணம். தேரைப் பிரபுவின் தறிகெட்ட காரில் நாம் ஏறிக்கொள்ள வேண்டும். கார் ஓர் இருட்டுச் சுரங்கத்தில் ரயிலோடு மோதும். அடுத்த காட்சி நரகம். கொம்பு முளைத்த குட்டிப் பிசாசுகள் குதித்துக்கொண்டிருக்கும். குழந்தைகளுக்கான சவாரியை நரகத்தில் கொண்டுபோய் முடித்தவர்களின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அதை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ரசிகர்கள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பலிக்கவில்லை. 1998 செப்டம்பர் 7 அன்று கடைசி வண்டி ஓடியது. அவர்களிடம் அந்தத் தேதி இருக்கிறது, தரைப்படம் இருக்கிறது, வண்டியில் உட்கார்ந்தபடி எடுத்த வீடியோ இருக்கிறது. துக்கம் கொண்டாட வேண்டிய சகலமும் இருக்கிறது.

காவிரி டெல்டாக்காரனுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் பேய் வீடு மூடப்படவில்லை, கிளம்பிப் போனது. எந்த வருடத்தோடு வராமல் போனது என்றும் சொல்லத் தெரியாது. முகவரியும் இறந்த நாளும் இல்லாத ஒன்றுக்காக ஏங்குவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேளிக்கையின் பிறப்பைப் பார்த்தால் பெரிய பூங்காக்களைவிட எங்கள் தார்ப்பாய்க் கூடாரமே அதற்கு நெருங்கிய உறவு என்று தோன்றும். 1901இல் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பொருட்காட்சியில் சந்திரனுக்குப் பயணம் என்று ஓர் இருட்டரங்கக் காட்சி நடந்தது. அதே ஆண்டு பிட்ஸ்பர்க் அருகே கென்னிவுட் பூங்காவில் ‘பழைய ஆலை’ என்ற படகுச் சவாரி வந்தது. இருட்டான வாய்க்காலில் படகு மெல்ல மிதந்துபோகும். அப்படிப் படகு விடக் கால்வாய் வெட்ட வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும், செலவு அதிகம். நியூஜெர்சியில் சிறு பூங்கா நடத்திய லியான் காசிடிக்கு அந்த வசதி இல்லை. தண்ணீர் வேண்டாம், தரையில் ஒற்றைத் தண்டவாளம் போதும் என்று முடிவு செய்து மின்சாரத்தில் ஓடும் சிறு வண்டியை உருவாக்கினார். 1928இல் பதிவான அந்த அமைப்பின் பெயர் ‘பிரெட்சல்’. பிரெட்சல் என்பது முறுக்கு மாதிரியான ஒரு தின்பண்டம். பாதையும் முறுக்குப் போலத்தான்: சிறிய இடத்துக்குள் மடித்து மடித்துப் போட்ட நீளமான வழி. கையில் காசு இல்லாததால் பிறந்த கண்டுபிடிப்பு இது. இருட்டில் இருப்பவனுக்கு எத்தனை முறை திரும்பினோம் என்பது மறந்துவிடும். முப்பது அடிக் கொட்டகை முந்நூறு அடிபோல் தெரியும்.

பொருட்காட்சிப் பேய் வீட்டில் வண்டிகூடக் கிடையாது, நடந்துதான் போக வேண்டும். ஆனால் முறுக்கு அதேதான். சவுக்குக் கம்பும் பிளைவுட்டும் கறுப்புத் துணியும் கொண்டு போட்ட தடுப்புகள். முகத்தில் உரசும் ஈரக் கயிறு. காலை வைத்தால் அமுங்குகிற பலகை. சிவப்புக் குண்டு பல்பின் கீழே ஓர் எலும்புக்கூடு, அதைத் தூக்கியடிக்க ஒரு ஸ்பிரிங். எங்கிருந்தோ ஒரு ஸ்பீக்கரில் பெண்ணின் சிரிப்பு. நாடா தேய்ந்துபோய்ச் சிரிப்பு நடுவில் ஒரு தரம் இழுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் அடியில் விடாமல் அடிக்கும் ஜெனரேட்டர். கடைசித் திருப்பத்தில் ஆள் ஒருவர் நிற்பார். நான் பார்த்த பேய்க்கு வாயெல்லாம் ரத்தம். சாயம் பூசியது என்று பல நாள் நினைத்திருந்தேன். அது கும்பகோணம் வெற்றிலை என்பதை அவர் சுண்ணாம்பு டப்பாவை மடியில் செருகுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒப்பனைச் செலவே இல்லை.

பக்கத்துக் கூடாரத்தில் உடம்பில்லாமல் தலை மட்டும் பேசும் பெண், சில வருடம் கடல் கன்னி. அந்தத் தலைக்கு வயது அதிகம். 1865இல் லண்டனில் ஸ்டோடேர் என்ற மந்திரவாதி மேசைக் கால்களுக்கு இடையே கண்ணாடிகளைச் சாய்த்து வைத்துக் காட்டிய வித்தை அது. அதற்குச் சில வருடம் முன்பு, 1862இல், அதே லண்டனில் பெப்பர் என்பவர் மேடைமுன் பெரிய கண்ணாடித் தகட்டைச் சாய்த்து நிறுத்தி ஆவியை நடமாட வைத்தார். கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தில் 1969 முதல் ஓடும் பேய் மாளிகையில் ஆவிகள் நடனமாடுவதும் பெப்பரின் அந்தக் கண்ணாடியால்தான். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய மாளிகையும் தார்ப்பாயைக் கட்டி வந்தவனும் கடன் வாங்கியது ஒரே இடத்தில்.

பொருட்காட்சிகள் வரும் பருவத்தை நெல் தீர்மானித்தது. சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் நாலு காசு புழங்கும். தரையும் இறுகியிருக்கும், மழைக்காலச் சேற்றில் ராட்சச ராட்டினத்தின் இரும்பை ஏற்றிய லாரியை எந்தத் திடலுக்குள் இறக்க முடியும்? அதை விட்டால் கோடை விடுமுறை. மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஐ நெருங்கினால் குறுவைக்கு நாற்றங்கால் போடும் கவலை வந்துவிடும், பிறகு யாருக்கும் பொருட்காட்சி நினைவு இராது. ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து என்னைச் சித்தப்பா அழைத்து வருவார். அரசுப் பொருட்காட்சி என்றால் முதலில் துறை அரங்குகளைச் சுற்றியாக வேண்டும். வேளாண்மைத் துறை அரங்கில் ஆடுதுறை 36 கதிரைச் சித்தப்பா கையில் வாங்கி மணி உதிர்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, அங்கிருந்த அதிகாரியிடம் தூர் கட்டுவதைப் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள் வெளியே ராட்டினம் நாலு சுற்றுச் சுற்றி நின்றிருக்கும். பேய் வீட்டுக்கு அவர் வரமாட்டார். ராத்திரி ஒற்றையாக வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிற ஆள் அவர். காசு கொடுத்து இருட்டுக்குள் போவானேன் என்பார்.

காசு கொடுத்துப் போகும் இருட்டு இந்தப் பக்கத்துக்கு வந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. 1905இல் திருச்சியில், ரயில்வேயில் வேலை பார்த்துவந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துய்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். தென்னிந்தியாவின் பல ஊர்களுக்குச் சலனப்படம் வந்ததே இப்படி வண்டியேறிப் போகும் இருட்டாகத்தான். அதற்கு முன் மராட்டியர் காலத்தில் தஞ்சையில் வேர்விட்ட தோல்பாவைக் கூத்திலும் திரைக்குப் பின்னே விளக்கு, முன்னே இருட்டு. மெலட்டூர் பாகவத மேளாவை விட்டுவிட முடியாது. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி விடிய விடிய நடக்கும் பிரகலாத சரித்திரத்தில், தூக்கம் சொக்கும் நேரத்தில் சிங்க முகம் வெளிப்படும். அந்த முகமூடி பூஜைக்குரியது, பூண்பவர் விரதம் இருப்பவர். அம்மா மடியில் அரைத்தூக்கத்தில் அதைப் பார்த்த குழந்தைக்கு எந்தப் பேய் வீடும் அப்புறம் இரண்டாம் பட்சம்தான்.

முகவரியுள்ள கேளிக்கை ஒன்று தஞ்சையில் உண்டு: பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிவகங்கைப் பூங்கா. 1871-72இல் மக்கள் பூங்காவாக உருவாக்கப்பட்டது. குளம் அதைவிடப் பழையது. வளாகத்தை ஒட்டி 1779இல் எழுந்த சுவார்ட்ஸ் தேவாலயம். அதனுள் இரண்டாம் சரபோஜி தன் ஆசான் சுவார்ட்ஸின் மரணப் படுக்கையைப் பளிங்கில் வடிக்கச் சொல்லி, ஃபிளாக்ஸ்மன் செய்தனுப்பிய சிற்பம். குழந்தைகளாக நாங்கள் போனது இதற்கெல்லாம் அல்ல. குட்டி ரயிலுக்கும், மான்களுக்கும், குளத்து நடுவே இருக்கும் கோயிலுக்குக் கம்பியில் தொங்கிப் போகும் பெட்டிக்கும்தான். சீர்மிகு நகரத் திட்டத்தில் புதுப்பிப்பதற்காகப் பூங்கா சில வருடம் மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் ஊரில் எவரைப் பார்த்தாலும் பூங்கா எப்போது திறக்கும் என்ற பேச்சு வரும். ஏக்கத்துக்கு ஒரு கதவு இருந்தது, கதவில் ஒரு பூட்டு இருந்தது. பேய் வீட்டைப் பற்றி அப்படி யாரும் யாரையும் கேட்டதில்லை.

பூங்காவிலிருந்து சில நூறு அடி நடந்தால் இன்னொரு மூடிய இருட்டு இருக்கிறது. இதை நம் பொருளோடு சேர்ப்பது சிலருக்கு அபசாரமாகப் படலாம். ஆனாலும் சொல்கிறேன். பெரிய கோயில் கருவறையைச் சுற்றி, உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே குறுகலான ஒரு சுற்றுப்பாதை ஓடுகிறது. அதன் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். வெள்ளை யானைமேல் சுந்தரர் கயிலைக்குப் போகிறார், குதிரைமேல் சேரமான் பெருமாள் விரைகிறார். இன்னொரு சுவரில் தேரேறிய திரிபுராந்தகர், எதிரே கண்கள் பிதுங்க அசுரர் கூட்டம். இடம் குறுகல் என்பதால் எட்ட நின்று முழுச் சுவரையும் ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது. விளக்கைத் தூக்கிப் பிடித்தால் ஒரு முகம் வரும். இரண்டடி நகர்ந்தால் அது இருட்டுக்குள் போய் அடுத்தது வரும். இருட்டுச் சவாரியின் இலக்கணம் இதுதான். ஒளியும் பார்ப்பவனின் நகர்வும் சேர்ந்தே கதை சொல்கின்றன. மேல்தளத்துச் சுற்றில் 108 நடனக் கரணங்களில் 81 மட்டும் செதுக்கி, மிச்சக் கற்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். இரண்டு சுற்றுகளுக்குள்ளும் பொதுமக்களை விடுவதில்லை. ஓவியம் கெட்டுவிடும் என்பது நியாயமான காரணம். வளாகத்தில் புகைப்படங்களாகப் பார்த்துக்கொள்ளலாம். நான் பார்த்தேன். வெளிச்சத்தில், வரிசையாக, கண் மட்டத்தில் மாட்டியிருக்கிறார்கள். எல்லாம் தெரிகிறது. தெரிவதுதான் குறை.

உள்ளே போகாதவர்களும் அந்தப் பாதையைப் பற்றிக் கதை சொல்வார்கள். அரண்மனைக்குச் சுரங்கம், திருச்சிக்குச் சுரங்கம் என்று தஞ்சையில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாத சுரங்கம் இல்லை. மூடிய இருட்டு தன் பங்குக்கு நீண்டுகொண்டே போகும்.

டெல்டா மனிதர்களுக்கு இன்னொரு நரகமும் பழக்கம். மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து சிங்கப்பூருக்குப் போனவர்கள் விடுமுறையில் பார்த்துவந்த ஹா பார் வில்லா. டைகர் பாம் தைலம் விற்ற ஆவ் பூன் ஹா 1937இல் கட்டிய தோட்டம் அது. பாவத்துக்கேற்ற தண்டனையைச் சிமெண்டுப் பொம்மைகளாய்க் காட்டும் பத்து நரக மன்றங்கள் அங்கே உண்டு. 1990இல் அதைக் கேளிக்கைப் பூங்காவாக மாற்றியபோது, ராட்சத டிராகன் ஒன்றின் வயிற்றுக்குள் படகில் போய் அந்த நரகங்களைப் பார்க்கும்படி வைத்தார்கள். பூங்கா நஷ்டப்பட்டது, படகும் போயிற்று, நரகம் மட்டும் நடந்து பார்ப்பதாக மீண்டது. எங்கள் தெருவில் ஒருவர் படகுக் காலத்திலேயே பார்த்துவிட்டு வந்து, பொய் சொன்னால் நாக்கைப் பிடுங்கும் சீனத்து எமனைப் பற்றிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்வார். கருடபுராணம் கேட்ட ஊருக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை. எமன் ஊருக்குப் படகில் போகலாம் என்பதுதான் புதுசு.

ஏக்கப்படுகிறவர்கள் லேசில் தொடாத இடம் ஒன்று உண்டு: நெருப்பு. சிட்னியின் லூனா பார்க்கில் 1979 ஜூன் 9 இரவு பேய் ரயில் சவாரி எரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஆறு பேர் சிறுவர்கள். நியூஜெர்சியில் 1984 மே 11 அன்று, டிரெய்லர் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து அமைத்திருந்த பேய்க் கோட்டையில் எட்டு இளைஞர்கள் வெளியேற வழி தெரியாமல் மடிந்தார்கள்; இருட்டில் வழி பார்க்க யாரோ பற்றவைத்த லைட்டரால் தீ மூண்டது என்றார்கள். நம் ஊரில் 1886 டிசம்பர் 31 அன்று மதராஸ் மக்கள் பூங்காவில் நடந்த கண்காட்சியில் கொட்டகைகள் பற்றி எரிந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரிய கோயிலில் 1997 ஜூன் 7 அன்று குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் பற்றி 40 பேருக்கு மேல் போனார்கள். கும்பகோணத்துப் பள்ளியில் 2004 ஜூலை 16. அந்தத் தேதிக்குப்பின் 94 குழந்தைகள் என்ற எண்ணை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே வாசல், கறுப்புத் துணி, ஜெனரேட்டர், தொங்கும் ஒயர், வேண்டுமென்றே குழப்பமாக அமைத்த வழி. நான் ரசித்து நடந்த கூடாரத்தை இப்போது நினைத்தால் மயிர்க்கூச்செறிவது பேயால் அல்ல. அனுமதி கேட்க வந்தவரைத் தீயணைப்பு அதிகாரி ஒருவர் திருப்பி அனுப்பியிருந்தால் அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பழைய பேய் வீடு அப்படியே திரும்ப வேண்டும் என்று எழுதுகிறவர்களோடு நான் சேரவும் மாட்டேன்.

‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை 1688இல் பாசல் நகரில் யொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் நோயின் பெயராகத்தான் படைத்தார். ஊரை விட்டுத் தொலைவில் இருப்பவர்களைத் தாக்கும் நோய். 2001இல் ஸ்வெட்லானா பாய்ம் தன் நூலில் இதை இரண்டாகப் பிரித்தார்: போனதை மறுபடி கட்டியெழுப்பத் துடிப்பது ஒன்று, போனது போனதுதான் என்று தெரிந்துகொண்டு அதன் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பது மற்றொன்று. மிஸ்டர் டோடின் ரசிகர்கள் முதல் வகை. நாங்கள் விரும்பினாலும் முதல் வகையாக முடியாது. கட்டுவதற்கு வரைபடம் இல்லை. ஆனால் பாய்மின் பிரிப்பிலும் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. இரண்டு வகையிலும் நினைப்பவன், டிக்கெட் வாங்கி உள்ளே போனவன் மட்டுமே. எங்கள் நால்வருக்குள் தகராறு வந்ததும் அதனால்தான். நாங்கள் ஒவ்வொருவரும் இருட்டில் ஐந்து நிமிடம் இருந்தவர்கள், பாதி நேரம் கண்ணை மூடியிருந்தவர்கள்.

முழு வழியும் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். நாற்பது நாளுக்கு ஒரு முறை அவிழ்த்து, லாரியில் ஏற்றி, அடுத்த திடலில் அதே முறுக்கை மறுபடி பின்னியவர்கள். எந்தப் பலகைக்குப் பின் எந்தத் துணி, எலும்புக்கூட்டின் ஸ்பிரிங் எங்கே மாட்டும், எந்தத் திருப்பத்தில் பிள்ளைகள் திரும்பி ஓடுவார்கள் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். ஒரு மாலைக்குப் பல நூறு தரம் அதே அலறலைக் கேட்டவர்கள். அவர்களுக்கு அது வேலை. ஒரு பருவத்துக்குத் தஞ்சை, அடுத்ததற்கு மதுரை, பிறகு ஆந்திரப் பக்கம் என்று போனவர்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள், கொரோனா ஆண்டுகளில் திடல்கள் பூட்டிக் கிடந்தபோது என்ன செய்தார்கள் என்பதை எங்கள் ஏக்கக் கட்டுரைகள் எவையும் கேட்கவில்லை. கோயில் ஓவியத்துக்கு வண்ணம் அரைத்தவர் பெயரும் நமக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது ஆயிரம் வருடக் கணக்கு. இது என் வயதுக்குள் நடந்தது.

1990களில் பள்ளிச் சுற்றுலா என்றால் பேருந்து இரவில் கிளம்பிச் சென்னைக்குப் போகும். தாம்பரம் பக்கம் 1995இல் திறந்த கிஷ்கிந்தாவில் விடியும். ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன் உருவாக்கியது. எனக்குப் பத்து வயது இளைய தலைமுறைக்கு ஏக்கம் என்றால் அதுதான். அவர்களிடம் குழுவாக நின்றெடுத்த புகைப்படமும் இருக்கிறது. எங்களிடம் பேய் வீட்டின் ஒரு படம்கூடக் கிடையாது. இருட்டில் யார் படமெடுப்பார்கள்?

இப்போது எடுக்கிறார்கள். சென்ற கோடையில் அக்கா மகளை ஒரு பொருட்காட்சிக்கு அழைத்துப் போயிருந்தேன். கொலம்பஸுக்கும் டிராகன் ரயிலுக்கும் நடுவே, டிஜிட்டல் பேனரில் மண்டையோடு அடித்த ஒரு கூடாரம். இந்த முறை வெளியேறும் வழியில் பச்சை விளக்கு எரிந்தது, வாசலில் தீயணைப்பான் தொங்கியது. முதலில் அதைத்தான் பார்த்தேன். உள்ளே போனதும் அவள் போன் டார்ச்சைப் போட்டுவிட்டாள். கறுப்புத் துணியின் ஒட்டுகள், சவுக்குக் கம்பு, கயிறு முடிந்த முடிச்சு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. முறுக்கின் மூன்று மடிப்பை நான் எண்ணிவிட்டேன். நாலாவதில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் முகமூடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் முகத்தில் அடிக்கவும் கண்ணைச் சுருக்கினான்.

“லைட்டை அணை பாப்பா,” என்றான், வேற்றூர் வாடையடிக்கும் தமிழில். “நான் பயங்காட்டணும்ல.”

அவள் அணைத்தாள். அவன் முகமூடியை இறக்கிவிட்டுக்கொள்ளும்வரை இருவரும் காத்திருந்தோம்.